புதுச்சேரி வரை வந்த பெல்ஜியத் துப்பாக்கி: இன்றைய ராணுவ ரைஃபிள்களுக்கு வழி போட்ட ஜான் பிரௌனிங் யார்?

1911-ம் ஆண்டின் தொடக்கம். செங்கோட்டையில் பிறந்து, திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் புதுச்சேரிக்கு வருகிறார். பெயர் வாஞ்சிநாதன். பாரதியார் 1908-லேயே இங்கு வந்துவிட்டார். அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்தார். லண்டனில் இருந்து தப்பிய வ.வே.சு. ஐயர் அதே ஆண்டு அக்டோபரில் வந்து சேர்ந்தார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதால் பிரிட்டிஷ் போலீஸால் இவர்களை நேரடியாகக் கைது செய்ய முடியவில்லை. உளவாளிகளை வைத்து வேவு பார்க்கத்தான் முடிந்தது.

அந்தப் புதுச்சேரியில்தான் வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சி கொடுத்தார் வ.வே.சு. ஐயர். சில மாதங்கள் கழித்து, 1911 ஜூன் 17 அன்று, மணியாச்சி ரயில் சந்திப்பில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஞ்சி அதே துப்பாக்கியால் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார்.

இந்தக் கதை தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் துப்பாக்கியைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. அது பெல்ஜியத்தில், லீஜ் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள எர்ஸ்டால் என்ற ஊரில் செய்யப்பட்ட பிரௌனிங் பிஸ்டல். அந்தத் தொழிற்சாலையில் இருந்து வெளியே போன பிஸ்டல்களின் மேல், இது பிரௌனிங்கின் காப்புரிமை என்று பொறித்திருப்பார்கள்.

யார் அந்த பிரௌனிங்? புதுச்சேரியையோ மணியாச்சியையோ அவர் பார்த்ததில்லை. ஆனால் இன்று இந்திய ராணுவ வீரர் கையில் இருக்கும் ரைஃபிள் ஒரு தோட்டாவைச் சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானாகவே ஏற்றிக்கொள்கிறதே, அதற்குப் பின்னால் இருக்கும் அடிப்படை யோசனைகளில் அவருக்கு முக்கியமான பங்கு உண்டு.

பட்டறையில் வளர்ந்த பையன்

ஜான் மோசஸ் பிரௌனிங் 1855 ஜனவரி 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பகுதியில் ஆக்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஜோனதன் பிரௌனிங், துப்பாக்கி செய்து, பழுது பார்க்கும் தொழிலாளி. மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பிரிவில் அப்போது பலதார மணம் இருந்தது. ஜோனதனுக்கு 3 மனைவிகள், 22 பிள்ளைகள்.

பெரிய குடும்பம், சின்ன வருமானம். பட்டறையில் கிடந்த உடைந்த துப்பாக்கிகளின் பாகங்கள்தான் ஜானுக்கு விளையாட்டுச் சாமான். 10 வயதிலேயே கழித்துப் போட்ட இரும்பை வைத்து முதல் துப்பாக்கியைச் செய்துவிட்டார். பள்ளிப் படிப்பு 15 வயதோடு முடிந்தது. இன்ஜினீயரிங் கல்லூரிப் பக்கம் அவர் போனதே இல்லை.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. பிரௌனிங் முதலில் வரைபடம் போட்டு, அளவு எழுதி, பிறகு பொருள் செய்கிற ஆள் இல்லை. தலைக்குள் முழு இயந்திரத்தையும் ஓட்டிப் பார்ப்பார். ஒரு தாளில் கிறுக்கலாக ஒரு படம். அப்புறம் நேராக இரும்பை வெட்ட ஆரம்பித்துவிடுவார். நம்ம ஊர் லேத் பட்டறையில், படமே இல்லாமல் உடைந்த பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்து புதுசு செய்து கொடுக்கும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள் அல்லவா? அந்த வகை.

1879-ல் அப்பா இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஜானின் முதல் காப்புரிமை பதிவானது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடும் ரைஃபிள் அது. தம்பிகளோடு சேர்ந்து ஆக்டனிலேயே ஒரு சிறிய தொழிற்கூடம் வைத்து அதைச் செய்து விற்றார்.

அந்த ரைஃபிளில் ஒன்று அமெரிக்காவின் மிகப் பெரிய துப்பாக்கி கம்பெனியான வின்செஸ்டரின் கண்ணில் பட்டது. 1883-ல் அதன் உயர் அதிகாரி பென்னட் ரயில் ஏறி நேரில் ஆக்டனுக்கே வந்துவிட்டார். 8,000 டாலர் கொடுத்து அந்த வடிவமைப்பை வாங்கினார். அடுத்த 19 ஆண்டுகளுக்கு பிரௌனிங்கின் பல வடிவமைப்புகளை வின்செஸ்டர் வாங்கிக்கொண்டது. சிலவற்றைத் தயாரித்தது. பலவற்றை, போட்டி கம்பெனி கைக்குப் போகக் கூடாது என்பதற்காகவே வாங்கிப் பூட்டி வைத்தது. தயாரித்தவற்றில் ஒன்றான 1894 மாடல் ரைஃபிள் மட்டும் 70 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது.

புல் ஏன் வளைந்தது?

இதுவரை சொன்ன துப்பாக்கிகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கை வேலை செய்ய வேண்டும். சுட்ட பிறகு ஒரு லீவரைக் கீழே இழுத்து மேலே தள்ளினால்தான் காலித் தோட்டா வெளியே விழும், புதுத் தோட்டா உள்ளே போகும். பிரிட்டிஷ் இந்திய ராணுவம் பயன்படுத்திய .303 ரைஃபிளிலும் இதே கதைதான். அதில் லீவருக்குப் பதில் போல்ட். போல்ட் என்பது, தோட்டா வெடிக்கும்போது குழலின் பின்பக்கத்தை இறுக்கி மூடி வைக்கும் இரும்புத் துண்டு.

1889-ல் ஒரு நாள். ஆக்டனில் நண்பர்களோடு சுடும் பயிற்சியில் இருந்தார் பிரௌனிங். ஒரு நண்பர் சுட்டபோது, குழலுக்கு முன்னால் இருந்த புற்கள் படாரென்று விலகி வளைவதைப் பார்த்தார். எத்தனையோ பேர் எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். ஆனால் அவர் மனதில் வேறொரு கேள்வி எழுந்தது. புல்லை வளைக்கும் அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது? அது ஏன் சும்மா காற்றில் போகிறது?

அன்றே பட்டறைக்குத் திரும்பி வேலையைத் தொடங்கினார். குழலின் வாய்க்கு முன்னால் ஓட்டை போட்ட ஓர் இரும்புக் கட்டையை வைத்துச் சுட்டார். குண்டு ஓட்டை வழியே போய்விட்டது. பின்னாலேயே வந்த வாயு, கட்டையைத் தூக்கி எறிந்தது. அடுத்து, ஒரு பழைய வின்செஸ்டர் ரைஃபிளின் முனையில் வாயு பட்டால் அசையும் ஒரு மூடியைப் பொருத்தி, அதைக் கம்பியால் பின்பக்க லீவரோடு இணைத்தார். இப்போது குண்டு வெளியேறியதும் வாயு மூடியைத் தள்ளுகிறது, மூடி கம்பியை இழுக்கிறது, கம்பி லீவரை அசைக்கிறது. கை செய்த வேலையைத் துப்பாக்கியே செய்துவிட்டது.

தானாக இயங்கும் துப்பாக்கியை முதலில் செய்தவர் பிரௌனிங் இல்லை. 1884-லேயே ஹைரம் மாக்சிம், சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும் உதைப்பை வைத்து இயந்திரத் துப்பாக்கி செய்துவிட்டார். பிரௌனிங் எடுத்தது வேறு பாதை. உதைப்புக்குப் பதில் வாயு. 1892-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இதை வைத்து கோல்ட் கம்பெனி 1895-ல் ஓர் இயந்திரத் துப்பாக்கியை வெளியிட்டது. அதன் அடியில் ஒரு லீவர் வீசி வீசி ஆடும். தரைக்குப் பக்கத்தில் வைத்துச் சுட்டால் மண்ணைக் கிளறிவிடும். அதனால் சிப்பாய்கள் அதற்கு உருளைக்கிழங்கு தோண்டி என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

இதுக்கும் அசால்ட் ரைஃபிளுக்கும் என்ன சம்பந்தம்?

கொஞ்சம் டெக்னிக்கலாகப் பார்க்கலாம். சிம்பிள்தான்.

ட்ரிகரை அழுத்தினால் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து எரிந்து வாயுவாக மாறுகிறது. அந்த வாயுவின் அழுத்தம்தான் குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. குண்டு குழலின் முனையை நெருங்கும்போதும் வாயுவில் இன்னும் நிறைய அழுத்தம் மிச்சம் இருக்கும்.

இன்றைய ராணுவ ரைஃபிளில் குழலின் மேல்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும். குண்டு அந்தத் துளையைத் தாண்டியதும் கொஞ்சம் வாயு அதன் வழியே மேலே ஏறி, ஒரு பிஸ்டனைப் பின்னால் தள்ளும். பிஸ்டன், பூட்டியிருக்கும் போல்ட்டைத் திறக்கும். போல்ட் பின்னால் போகும்போது காலித் தோட்டாவைப் பிடித்து வெளியே எறியும். பின்னால் ஒரு ஸ்பிரிங் இருக்கும். அது போல்ட்டைத் திரும்ப முன்னால் தள்ளும். போகும் வழியில் மேகசினில் இருந்து அடுத்த தோட்டாவை எடுத்துக்கொண்டு போய்ப் பூட்டிக்கொள்ளும். இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஆக, வீணாகப் போகும் வாயுவை வேலை வாங்குவதுதான் அடிப்படை. ஏ.கே.-47, இந்தியாவின் இன்சாஸ், அமெரிக்காவின் எம்16 எல்லாமே வாயுவால்தான் இயங்குகின்றன. எம்16-ல் தனி பிஸ்டன் தண்டுக்குப் பதிலாக வாயுவே ஒரு மெல்லிய குழாய் வழியே போல்ட் பகுதி வரை போகும். யோசனை ஒன்றுதான். வாயுவை எங்கே எடுப்பது, எப்படித் தள்ளுவது என்பதில்தான் வித்தியாசம்.

அசால்ட் ரைஃபிள் என்று சொல்ல இன்னும் சில தகுதிகள் வேண்டும். கழற்றி மாட்டும் மேகசின் இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகவும் சுடணும், தொடர்ச்சியாகவும் சுடணும். பழைய ரைஃபிள் தோட்டாவைவிட வலு குறைந்த, பிஸ்டல் தோட்டாவைவிட வலு அதிகமான நடுத்தரத் தோட்டாவைப் பயன்படுத்த வேண்டும். இந்த மூன்றாவது தகுதி இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில்தான் முழுமையாக வடிவம் பெற்றது. அப்போது பிரௌனிங் உயிரோடு இல்லை.

பெல்ஜியத்துக்கு ஏன் போனார்?

வின்செஸ்டரோடு இருந்த உறவு ராயல்டி பிரச்னையில் முறிந்தது. ஒவ்வொரு வடிவமைப்புக்கும் மொத்தமாக ஒரு தொகை, அதோடு சரி என்பதுதான் அந்த கம்பெனியின் வழக்கம். எத்தனை லட்சம் விற்றாலும் வடிவமைத்தவருக்கு ஒரு பைசா கூடக் கிடைக்காது. தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை பிரௌனிங் செய்தபோது, இந்த முறை விற்பனையில் பங்கு வேண்டும் என்று கேட்டார். பென்னட் மறுத்தார். பிரௌனிங் எழுந்து வந்துவிட்டார்.

அடுத்து ரெமிங்டன் கம்பெனியின் தலைவரைச் சந்திக்க 1902 ஜனவரியில் நேரம் வாங்கிக்கொண்டு போனார். சந்திப்பு நடக்கவிருந்த அன்றே அந்தத் தலைவர் மாரடைப்பில் இறந்துபோனார். பிரௌனிங் கப்பல் ஏறினார்.

அவர் போன இடம்தான் எர்ஸ்டாலில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை. 1889-ல் பெல்ஜிய ராணுவத்துக்கு 1.5 லட்சம் மவுசர் ரைஃபிள்கள் செய்து கொடுக்கத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அந்த ஆர்டர் முடிந்த பிறகு, தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்க சைக்கிள் எல்லாம் தயாரித்துக்கொண்டிருந்தது. 1897-லேயே அதன் பிரதிநிதி அமெரிக்காவுக்கு வந்து பிரௌனிங்கைச் சந்தித்து, ஒரு சிறிய பிஸ்டலின் உரிமையை வாங்கியிருந்தார்.

ரிவால்வர் என்றால் ஆறு தோட்டா, சுழலும் உருளை, தடித்த உடம்பு. பிரௌனிங்கின் பிஸ்டல் தட்டையானது. மேல்பகுதி முழுவதும் ஸ்லைடு என்ற ஒரே உறை. சுடும்போது அதுவே பின்னால் போய், காலித் தோட்டாவை எறிந்து, புதுசை ஏற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். தோட்டாக்கள் கைப்பிடிக்குள் இருக்கும் மேகசினில் இருக்கும். இன்று சினிமாவில் ஹீரோ சர்ரென்று பின்னால் இழுத்து விடுகிறாரே, அந்த ஸ்லைடு பிரௌனிங் கொடுத்தது.

1900-ல் பெல்ஜிய ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. பொதுமக்கள் சந்தையிலும் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. 1900 மாடல் மட்டும் 7 லட்சத்துக்கு மேல். பிரெஞ்சு மொழியில் பிரௌனிங் என்ற பெயரே பிஸ்டலைக் குறிக்கும் பொதுச் சொல்லாகிவிட்டது. ஜெராக்ஸ் என்றால் நமக்கு நகல் எடுப்பது மாதிரி.

ஒரே ஆண்டு, இரண்டு இடங்கள்

சட்டைப் பைக்குள் அடங்கும், மலிவாகக் கிடைக்கும், வேகமாகச் சுடும் ஒரு கருவி. போலீஸுக்குப் பிடித்தது. ராணுவ அதிகாரிகளுக்குப் பிடித்தது. அரசுகளை எதிர்த்தவர்களுக்கும் பிடித்தது.

1909-ல் லண்டன் இந்தியா ஹவுஸில் இருந்த சாவர்க்கர், 20 பிரௌனிங் பிஸ்டல்களை ரகசியமாக இந்தியாவுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்றால்தான் அந்த ஆண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சன் கொல்லப்பட்டார். அதே இந்தியா ஹவுஸ் வட்டத்தில் இருந்தவர்தான் புதுச்சேரிக்கு வந்த வ.வே.சு. ஐயர்.

1911-ல் நடந்ததைக் கவனியுங்கள். மார்ச் மாதம் அமெரிக்க ராணுவம் தனது புதிய பிஸ்டலைத் தேர்வு செய்யும் சோதனையை நடத்தியது. பிரௌனிங் வடிவமைத்த பிஸ்டல் 6,000 தோட்டாக்களைச் சுட்டது. சூடானால் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டுத் திரும்பச் சுட்டார்கள். ஒருமுறை கூட மக்கர் பண்ணவில்லை. மார்ச் 29 அன்று எம்1911 என்ற பெயரில் அது ராணுவத்தின் அதிகாரபூர்வ பிஸ்டல் ஆனது. 1985 வரை, 74 ஆண்டுகள் அந்த இடத்தில் இருந்தது.

மூன்று மாதம் கழித்து, மணியாச்சி. தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியதில் ஆஷுக்குப் பங்கு உண்டு என்ற கோபம் ஒரு பக்கம். வாஞ்சி விட்டுச் சென்ற கடிதத்தில் இருந்த சனாதன தர்மம் பற்றிய பேச்சு இன்னொரு பக்கம். கொலைக்கான காரணம் எது என்ற விவாதம் தமிழ்நாட்டில் இன்னும் ஓயவில்லை. கருவி எது என்பதில் மட்டும் விவாதம் இல்லை.

மூன்று ஆண்டு கழித்து 1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட காவ்ரிலோ பிரின்சிப் கையில் இருந்ததும் எர்ஸ்டாலில் செய்த பிரௌனிங்தான். அதைத் தொடர்ந்து முதல் உலகப் போர் வெடித்தது. சில வாரங்களில் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்து லீஜ் நகரத்தைப் பிடித்தது. அந்த பிஸ்டலைச் செய்த தொழிற்சாலையும் ஜெர்மானியர் வசம் போனது.

7 கிலோ ரைஃபிள்

அந்தப் போரில் புதுச்சேரியில் இருந்தும் ஆட்கள் போனார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து உயிர் விட்டவர்களுக்காக எழுப்பிய நினைவுச்சின்னத்தைக் கடற்கரைச் சாலையில் இன்றும் பார்க்கலாம். பதுங்குகுழிப் போரில் சிப்பாய்கள் சந்தித்த பெரிய சிக்கல் இதுதான்: இயந்திரத் துப்பாக்கி வேகமாகச் சுடும், ஆனால் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுக்கணும். பிரெஞ்சுப் படையின் ஷோஷா என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி இதற்கு ஒரு விடை. ஆனால் அதன் மேகசினில் பக்கவாட்டுத் திறப்புகள் இருந்ததால் சேறு உள்ளே புகுந்து அடிக்கடி நின்றுவிடும்.

பிரௌனிங்கின் விடை 1917 பிப்ரவரி 27 அன்று வாஷிங்டனில் மக்கள் பிரதிநிதிகள் முன் காட்டப்பட்டது. பிரௌனிங் ஆட்டோமேட்டிக் ரைஃபிள், சுருக்கமாக பி.ஏ.ஆர். வாயுவால் இயங்கும். கழற்றி மாட்டும் மேகசினில் 20 தோட்டாக்கள். ஒவ்வொன்றாகவும் சுடலாம், தொடர்ச்சியாகவும் சுடலாம். மேலே சொன்ன மூன்று தகுதிகளில் இரண்டு இதில் இருந்தன.

மூன்றாவது இல்லை. பழைய வலுவான ரைஃபிள் தோட்டாவையே பயன்படுத்தியது. அதன் உதைப்பைத் தாங்க துப்பாக்கி கனமாக இருக்க வேண்டியிருந்தது. சுமார் 7 கிலோ. தொடர்ச்சியாகச் சுட்டால் கையில் நிற்காது. அதனால் இதை அசால்ட் ரைஃபிள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு தனிச் சிப்பாய் தூக்கி நடக்கும் ரைஃபிள், தானாகவும் இயங்க முடியும் என்பதைக் காட்டியது.

அதே ஆண்டு நடந்த சோதனையில் அவருடைய இன்னொரு வடிவமைப்பான இயந்திரத் துப்பாக்கி, 48 நிமிடத்துக்கு மேல் நிற்காமல் சுட்டது. இவற்றின் உரிமைகளுக்கு அமெரிக்க அரசு 7.5 லட்சம் டாலர் தர முன்வந்தது. ராயல்டியாகக் கணக்குப் போட்டால் பல மடங்கு வந்திருக்கும். ராயல்டிக்காக வின்செஸ்டரையே விட்டு வந்த பிரௌனிங், போர்க்காலத்தில் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். அவருடைய மகன் வால் பிரௌனிங், 1918-ல் பிரான்ஸ் போர்முனைக்கு பி.ஏ.ஆரைத் தூக்கிக்கொண்டு போனார். அப்பா செய்த துப்பாக்கியை மகன் சண்டையில் பயன்படுத்தினார்.

மேசையில் முடியாத வேலை

போருக்குப் பிறகும் பிரௌனிங் ஓயவில்லை. அமெரிக்காவுக்கும் பெல்ஜியத்துக்கும் கப்பலில் போய்வந்துகொண்டே இருந்தார். 1926 நவம்பர் 26 அன்று எர்ஸ்டால் தொழிற்சாலையில், மகன் வாலின் அலுவலகத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 71. பெயரில் 128 காப்புரிமைகள். உடல் ஆக்டனுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்யப்பட்டது.

அப்போது பாதியில் நின்ற வேலைகளில் ஒன்று, பிரெஞ்சு ராணுவம் கேட்ட அதிகத் தோட்டா கொள்ளும் பிஸ்டல். அதை எஃப்.என்.-ல் இருந்த தியூதோனே சைவ் என்ற பெல்ஜிய வடிவமைப்பாளர் தொடர்ந்தார். 1935-ல் அது ஹை-பவர் பிஸ்டலாக வெளிவந்தது. 13 தோட்டா மேகசின். இந்திய ராணுவ அதிகாரிகளின் இடுப்பில் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் 9 மி.மீ. பிஸ்டல், இஷாபூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட இதே ஹை-பவரின் இந்திய வடிவம்தான்.

சைவ் அதோடு நிற்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மீண்டும் பெல்ஜியத்தைப் பிடித்தபோது இங்கிலாந்துக்குப் போய், தானாகத் தோட்டா ஏற்றும் ரைஃபிள் வேலையைத் தொடர்ந்தார். போர் முடிந்த சில ஆண்டுகளில் எஃப்.என். ஃபால் என்ற ரைஃபிள் பிறந்தது. 90-க்கும் அதிகமான நாடுகள் அதைப் பயன்படுத்தின.

இந்தியாவுக்கு வந்த கதை

1962 சீனப் போரில் இந்திய வீரர்களின் கையில் இருந்தது .303 ரைஃபிள். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டிய அதே பழைய வகை. இமயமலைக் குளிரில், விறைத்த விரல்களோடு. எதிரில் வந்த சீன வீரர்களிடம் தானியங்கித் துப்பாக்கிகள் இருந்தன. அந்தத் தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. ரைஃபிளும் அதில் ஒன்றாகப் பேசப்பட்டது.

அதற்குப் பிறகுதான் ஃபால் ரைஃபிளின் இந்திய வடிவம், 7.62 மி.மீ. 1ஏ1, இஷாபூரில் தயாராகி ராணுவத்தின் வழக்கமான ரைஃபிள் ஆனது. எஸ்.எல்.ஆர். என்றால் எல்லோருக்கும் தெரியும். செல்ஃப் லோடிங் ரைஃபிள். அதாவது தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள். 1889-ல் ஆக்டனில் புல் வளைந்தபோது பிரௌனிங் தேடியது இதைத்தான். 1971 போரில் இந்திய வீரர்கள் இதோடுதான் போனார்கள்.

1990-களில் அதன் இடத்துக்கு இன்சாஸ் வந்தது. சிறிய 5.56 மி.மீ. தோட்டா, குறைந்த உதைப்பு. வாயுவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை ஃபாலில் இருந்து எடுத்துக்கொண்டது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் இது தயாரானது. 1999 கார்கில் போரில் மேகசின் விரிசல் விடுவதாகவும் துப்பாக்கி ஜாம் ஆவதாகவும் புகார்கள் வந்தன. இப்போது இன்சாஸை மாற்ற ரஷ்ய வடிவமைப்பான ஏ.கே.-203 உத்தரப்பிரதேசத்தின் அமேதி மாவட்டம் கோர்வாவில் தயாராகிறது. 6 லட்சத்துக்கும் அதிகமான ரைஃபிள்களுக்கு 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போடப்பட்டது.

கலாஷ்னிகோவ் வடிவமைத்த ரைஃபிளிலும் பிரௌனிங்கை ஞாபகப்படுத்தும் ஒரு பாகம் உண்டு. ஏ.கே.-யின் வலப்பக்கம் இருக்கும் நீளமான பாதுகாப்பு லீவரைப் பாருங்கள். மேலே தள்ளினால் தூசி போகாமல் திறப்பை மூடும், ட்ரிகரையும் பூட்டும். பிரௌனிங் வடிவமைத்து 1906-ல் வெளிவந்த ரெமிங்டன் மாடல் 8 ரைஃபிளில் ஏறக்குறைய இதே மாதிரி லீவர் இருக்கிறது. அதேபோல, இந்திய ராணுவத்தின் மேக் இயந்திரத் துப்பாக்கியில் போல்ட் பூட்டிக்கொள்ளும் முறை, பி.ஏ.ஆரில் இருந்ததைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது.

மறுபடியும் அதே மாவட்டம்

ராணுவத்தில் இருந்து வெளியேறிய எஸ்.எல்.ஆர். குப்பைக்குப் போகவில்லை. மாநிலக் காவல் துறைகளின் ஆயுதக் கிடங்குகளுக்குப் போனது. 2018 மே மாதம், ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து நடந்த போராட்டத்தின்போது தூத்துக்குடியில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அன்று போலீஸார் பயன்படுத்திய துப்பாக்கிகளில் எஸ்.எல்.ஆரும் இருந்தது. எல்லைப் போருக்காக, தூரத்தில் இருக்கும் எதிரி வீரரைக் கொல்வதற்காக வடிவமைத்த ரைஃபிள் அது. கூட்டத்தைக் கலைக்க அதை எடுக்கலாமா என்ற கேள்விக்கு பதில் சொல்ல வேண்டியவர்கள் வடிவமைப்பாளர்கள் அல்ல. ஆணை இடுபவர்களும், அதை எடுத்துப் போனவர்களும்தான்.

வாஞ்சி மணியாச்சி இன்று இருப்பது அதே தூத்துக்குடி மாவட்டத்தில். 1911-ல் அங்கே ஓர் அரசு அதிகாரிக்கு எதிராக நீண்டது எர்ஸ்டாலில் செய்த பிஸ்டல். 107 ஆண்டு கழித்து அரசின் பக்கத்தில் இருந்து மக்களுக்கு எதிராக நீண்டதில், அதே எர்ஸ்டாலில் பிறந்த ரைஃபிளின் இந்திய வாரிசும் இருந்தது.

வாஞ்சிக்குப் பயிற்சி கொடுத்த வ.வே.சு. ஐயர், பின்னாளில் காந்தியின் அகிம்சைப் பாதைக்கு வந்தார். காங்கிரஸில் வேலை செய்தார், பத்திரிகை நடத்தினார், கதைகள் எழுதினார், கம்பனை ஆராய்ந்தார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். துப்பாக்கியை எடுத்தவருக்கு அதைக் கீழே வைக்கும் வாய்ப்பு இருந்தது.

பிரௌனிங்கின் வேலை வேறு மாதிரி. ட்ரிகரை அழுத்தும் மனிதனின் சிரமத்தை ஒவ்வொரு வடிவமைப்பிலும் குறைத்துக்கொண்டே போனார். லீவரை இழுக்க வேண்டாம், போல்ட்டைத் தள்ள வேண்டாம், அடுத்த தோட்டாவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரே ஒரு வேலையை மட்டும் அவரால் இயந்திரத்திடம் கொடுக்க முடியவில்லை. யாரைச் சுடுவது என்ற முடிவு. அது இன்றும் விரலை வைத்திருக்கும் மனிதரிடமும், அவருக்கு உத்தரவு கொடுப்பவரிடமும்தான் இருக்கிறது.